நூறு கிராம் ரீல், தொண்ணூறு கிராம் மீன்

ஏரிக்கரையில் ஒருவர் தூண்டில் போட்டு அமர்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு மூங்கில் கோல், அதன் நுனியில் நைலான் நரம்பு, ஒரு தக்கை, முள்ளில் ஒரு மண்புழு. தக்கை அமிழ்ந்ததும் கோலைச் சுண்டி இழுக்கிறார். மீன் கரைக்கு வந்து விழுகிறது. இந்தத் தூண்டிலில் ரீல் என்ற உறுப்பே கிடையாது. அதற்குத் தேவையும் இல்லை.

இப்போது வேறோர் இடத்திற்குச் செல்வோம். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், வடக்கிலிருந்து தெற்காக நீண்டு கிடக்கிறது அப்பலாச்சியன் மலைத்தொடர். அதன் காடுகளுக்குள் ஒரு சிற்றோடை. அகலம் மூன்று நான்கு மீட்டர்தான். முழங்கால் ஆழத்திற்குக் குளிர்ந்த தெளிந்த நீர். அங்கே டிரவுட் மீன் பிடிக்க விரும்பும் ஒரு பள்ளி மாணவன், கையில் கொஞ்சம் பணத்துடன் கடைக்குப் போகிறான். கடைக்காரர் அவன்முன் பத்து ரீல்களை வைக்கிறார். ஒன்று சிறியது, ஒன்று பெரியது. ஒன்றில் ஓட்டைகள் நிறைய, ஒன்றில் உயர்தரத் தடைக் கருவி. ஒன்றுக்கு விலை மற்றொன்றைப் போல் பத்து மடங்கு. எதை வாங்குவது?

கடைக்காரரின் பேச்சைக் கேட்டு முடிவு செய்யலாம். பதினோராம் வகுப்பு இயற்பியலைக் கேட்டும் முடிவு செய்யலாம். நாம் இரண்டாவது வழியில் செல்வோம்.

மீனும் ஓடையும்

இந்த மீனுக்கு ஆங்கிலத்தில் புரூக் டிரவுட் என்று பெயர். ஓடை டிரவுட் என்று நாம் சொல்லலாம். இதன் அறிவியற் பெயர் சால்வெலினஸ் ஃபான்டினாலிஸ். இரண்டாவது சொல்லுக்கு ‘ஊற்றுகளுக்கு உரியது’ என்று பொருள். பெயரில் டிரவுட் என்று இருந்தாலும், சரியாகச் சொன்னால் இது சார் என்னும் நெருங்கிய உறவினக் கூட்டத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியே இதன் தாயகம். நம் நீலகிரியில் அவலாஞ்சி ஓடைகளில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்து விடப்பட்டதும் டிரவுட்தான். ஆனால் அது வானவில் டிரவுட் என்னும் வேறு இனம். அந்த வானவில் டிரவுட்டை அப்பலாச்சியன் ஓடைகளிலும் கொண்டுபோய் விட்டார்கள். அதனால் அங்கே மண்ணின் மைந்தனான ஓடை டிரவுட் பல இடங்களில் மேட்டு நீரோடைகளுக்கு ஒதுங்கிவிட்டது.

சிற்றோடைகளில் இது பெரிதாக வளர்வதில்லை. 20 செ.மீ. நீளமுள்ள மீனின் எடை ஏறத்தாழ 90 கிராம். ஒரு கொய்யாப்பழத்தின் எடைதான்! குளிர்ந்த நீரும் நிறைய ஆக்சிஜனும் இதற்கு இன்றியமையாதவை. 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 20 டிகிரியில் 9.1 மில்லிகிராம்தான் கரையும். நீர் 20 டிகிரிக்கு மேல் சூடானால் இம்மீன் திணறத் தொடங்கும். இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள்; இறுதியில் தேவைப்படும்.

எறிவது ஈயையா, கயிற்றையா?

இம்மீன் நீர்ப்பரப்பில் விழும் சிறு பூச்சிகளை விரும்பி உண்ணும். ஆகவே இறகு, மயிர், நூல் ஆகியவற்றை முள்ளில் கட்டிப் பூச்சி போன்ற ஒரு போலி ஈயைச் செய்கிறார்கள். அதன் எடை ஒரு கிராமில் ஒரு சிறு பின்னமே. ஓர் இறகை எடுத்து வீசிப் பாருங்கள். எவ்வளவு பலமாக வீசினாலும் அது உங்கள் காலடியிலேயே விழும். நிறை மிகக் குறைவாக இருப்பதால் அது பெறும் இயக்க ஆற்றலும் குறைவு. காற்றின் தடை அதை உடனே உறிஞ்சிவிடுகிறது.

அப்படியானால் போலி ஈயைப் பத்து மீட்டர் தூரம் எறிவது எப்படி? ஈயை எறிவதில்லை; கயிற்றை எறிகிறார்கள். நைலான் நூலின்மேல் பிளாஸ்டிக் பூசிய, ஏறத்தாழ 1 மி.மீ. தடிமனுள்ள கனமான கயிறு அது. கோலின் வீச்சில் கயிறு ஆற்றலைப் பெற்று முன்னே விரிகிறது. அதன் நுனியில் ஈ சும்மா தொற்றிக்கொண்டு போகிறது.

கயிறுகளுக்கு எண் உண்டு. முதல் 30 அடி, அதாவது 9.14 மீட்டர் நீளத்தின் எடையைக் கொண்டு இந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். 1-ஆம் எண் 60 கிரெய்ன், 2-ஆம் எண் 80, 3-ஆம் எண் 100, 4-ஆம் எண் 120. ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். ஆகவே 3-ஆம் எண் கயிற்றின் முன்பகுதி 6.5 கிராம் எடையுள்ளது. சிற்றோடைக்கு 2 முதல் 4 வரையிலான எண்களே ஏற்றவை. நம் மாணவன் 3-ஆம் எண் கயிற்றைத் தேர்ந்தெடுத்தான் என்று கொள்வோம்.

கனமான கயிற்றின் நுனியில் நேராக ஈயைக் கட்டினால் மீன் ஏமாறாது. இடையில் மெல்லிய நைலான் நரம்பு ஒன்றைக் கட்ட வேண்டும். இதன் தடிமனுக்கும் ஓர் எண்முறை உண்டு. 11-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பது கிடைக்கும். 7-ஆம் எண் நரம்பின் தடிமன் ஆயிரத்தில் 4 பங்கு அங்குலம்; அதாவது 0.10 மி.மீ. தலைமயிரைவிடச் சற்றே பருமன். இது தாங்கக்கூடிய இழுவிசை ஏறத்தாழ 1 கிலோகிராம் எடை, அதாவது 10 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். முடிச்சுப் போட்ட இடத்தில் வலிமை குறையும். ஆகவே பாதுகாப்பாக 7 நியூட்டன் என்று கொள்வோம்.

இந்த 7 நியூட்டன்தான் நம் கதையின் மையம். இழுவிசை இதைத் தாண்டினால் நரம்பு அறும். மீன் தப்பிவிட்டதே என்ற வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாயில் முள்ளும், முள்ளில் தொங்கும் நரம்புமாக அந்த மீன் ஓடைக்குள் திரும்பிப் போகிறதே, அதுதான் பெரிய தீங்கு.

ரீலில் எவ்வளவு கயிறு கொள்ளும்?

ரீல் என்பது ஒரு சட்டமும், அதற்குள் அச்சில் சுழலும் ஓர் உருளையும், ஒரு கைப்பிடியுமே. உருளையின் நடுப்பகுதியை, வண்டிச் சக்கரத்தில் சொல்வதுபோல், குடம் என்று அழைப்போம்.

முதல் கேள்வி கொள்ளளவு. கயிற்றின் நீளம் 27 மீட்டர். தடிமன் 1 மி.மீ. அடுக்காகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றும் 1 மி.மீ. பக்கமுள்ள சதுர இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று கொண்டால், தேவையான இடம் 27 கன செ.மீ. கயிற்றுக்கு அடியில் மெல்லிய பாலியெஸ்டர் நூலைச் சுற்றுவது வழக்கம். அதை அடிநூல் என்போம். அரை மி.மீ. தடிமனில் 50 மீட்டர் அடிநூலுக்கு 12.5 கன செ.மீ. வேண்டும். ஆக மொத்தம் ஏறத்தாழ 40 கன செ.மீ.

ஒரு சிறு ரீலை எடுத்துக்கொள்வோம். கயிறு சுற்றக்கூடிய விளிம்பின் ஆரம் 3.2 செ.மீ.; குடத்தின் ஆரம் 1.2 செ.மீ.; அகலம் 1.8 செ.மீ. இரண்டு ஆரங்களின் வர்க்கங்களுக்குள்ள வேறுபாடு 8.8. இதை 3.14-ஆலும் அகலத்தாலும் பெருக்கினால் கொள்ளளவு 50 கன செ.மீ. கயிறும் அடிநூலும் இதில் தாராளமாக அடங்கும். கையால் கோணல்மாணலாகச் சுற்றினாலும் இடம் போதும். நிறைந்த நிலையில் கயிற்றின் மேல் அடுக்கு அச்சிலிருந்து ஏறத்தாழ 3 செ.மீ. தூரத்தில் இருக்கும். ஆக, உள்ளங்கையில் அடங்கும் 7 செ.மீ. விட்டமுள்ள ரீல் சிற்றோடைக்குப் போதுமானது.

குடம் சிறிதா, பெரிதா?

சிறிய குடத்தில் கயிறு இறுக்கமாக வளைகிறது. 1 மி.மீ. தடிமனுள்ள கயிறு 12 மி.மீ. ஆரமுள்ள குடத்தின்மேல் வளையும்போது அதன் வெளிப்புறம் 100-க்கு 4 பங்கு நீள்கிறது. ஆரம் 20 மி.மீ. ஆனால் இந்த நீட்சி 2.4 பங்காகக் குறைகிறது. குளிர்ந்த நீரில் பிளாஸ்டிக் விறைத்துப்போய் இந்த வளைவை மறக்க மறுக்கும். கயிறு நீர்மேல் கம்பிச் சுருள்போல் மிதக்கும். மீன் ஈயைத் தொட்டதும் நீங்கள் கோலை உயர்த்துவீர்கள். சுருள்தான் நிமிரும், முள் அசையாது.

பெரிய குடத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. மேல் அடுக்கின் ஆரம் 3 செ.மீ. எனில் ஒரு சுற்றுக்கு 18.8 செ.மீ. கயிறு உள்ளே வரும். ஆரம் 1.5 செ.மீ. எனில் அதில் பாதிதான் வரும். குடம் பெரிதாக இருந்தால் கயிறு வெளியே போகப்போக ஆரம் அதிகம் குறையாது.

இங்கே ஒரு சிக்கனமான வழி ஒளிந்திருக்கிறது. சிற்றோடையில் எந்த மீனும் 27 மீட்டர் கயிற்றையும் இழுத்துக்கொண்டு ஓடப்போவதில்லை. அப்படியிருக்க அடிநூல் எதற்கு? 1.2 செ.மீ. குடத்தின்மேல் 50 மீட்டர் அடிநூலைச் சுற்றிப் பாருங்கள். மேற்கண்ட கணக்கின்படி அதன் மேற்பரப்பு அச்சிலிருந்து 1.9 செ.மீ. தூரத்திற்கு வந்துவிடும். அடிநூலே பெரிய குடமாகிவிட்டது! ‘பெரிய குடம்’ என்று விளம்பரப்படுத்தப்படும் விலை உயர்ந்த ரீல் இல்லாவிட்டாலும் மலிவான நூலைக் கொண்டே அந்தப் பயனில் பெரும்பகுதியைப் பெறலாம்.

நரம்பை அறுப்பது எது?

மீன் திடீரென்று பாய்கிறது. உருளை சுழன்று கயிற்றைக் கொடுக்க வேண்டும். சுழலாமல் நிற்கும் உருளை நின்றுகொண்டேயிருக்க விரும்பும். இதுதான் நிலைமம். சுழலும் பொருள்களில் இதை அளப்பது நிலைமத் திருப்புத்திறன். நிறையை அது அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் காண்கிறோம்.

சிறு ரீலில் சுழலும் பகுதியும் கயிறும் சேர்ந்து 70 கிராம் என்றும், அந்த நிறை சராசரியாக அச்சிலிருந்து 2.5 செ.மீ. தூரத்தில் உள்ளது என்றும் கொள்வோம். நிலைமத் திருப்புத்திறன் 70 × 2.5 × 2.5, அதாவது ஏறத்தாழ 440. இதைக் கயிறு புறப்படும் ஆரத்தின் வர்க்கமான 9-ஆல் வகுத்தால் 49 கிராம் கிடைக்கிறது. இதன் பொருள் என்ன? கயிற்றை இழுக்கும் மீனுக்கு, இந்த உருளை நுனியில் கட்டிய 49 கிராம் எடைக்கல்லைப் போலத் தோன்றும்.

அடுத்து, 10 செ.மீ. விட்டமுள்ள பெரிய ரீல். சுழலும் நிறை 200 கிராம்; சராசரித் தூரம் 4 செ.மீ.; கயிற்றின் ஆரம் 4.5 செ.மீ. திருப்புத்திறன் 3,200. அதை 20.25-ஆல் வகுத்தால் 158 கிராம். மீன் இப்போது தன்னைவிடக் கனமான எடைக்கல்லை இழுக்க வேண்டும்!

டிரவுட் திடுக்கிட்டுப் பாயும்போது ஒரு கணம் மட்டும் மிக உயர்ந்த முடுக்கத்தைப் பெறும். கயிற்றின் முடுக்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தின் இருமடங்காக, அதாவது 20 என்று வைத்துக்கொள்வோம். நியூட்டனின் இரண்டாம் விதிப்படி சிறு ரீலைச் சுழற்ற மட்டும் 0.049 × 20, அதாவது 1 நியூட்டன் வேண்டும். பெரிய ரீலுக்கு 3.2 நியூட்டன் வேண்டும்.

தடையே இல்லாத ரீல் நல்லதா?

‘அப்படியானால் உராய்வே இல்லாத இலேசான உருளைதான் சிறந்தது’ என்று நீங்கள் நினைக்கலாம். பொறுங்கள். வீசுவதற்கு முன் மாணவன் ரீலிலிருந்து கயிற்றைக் கையால் வெடுக்கென்று இழுக்கிறான். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இழுத்து நிறுத்துகிறான். கை நின்றுவிட்டது, உருளை நிற்கவில்லை. தானாகச் சுழன்று கயிற்றைக் கக்குகிறது. காற்றாடி விடும்போது நூல் உருளை தறிகெட்டுச் சுழன்று நூல் சிக்கலாகிப் போவதைப் போன்றதே இது. அந்த நேரத்தில் மீன் கடித்தால் எல்லாம் போயிற்று.

உருளையை அரைச் சுற்றுக்குள் நிறுத்த எவ்வளவு தடை வேண்டும்? சிறு ரீலின் இயக்க ஆற்றல் அரை × 0.049 × 4, அதாவது 0.098 ஜூல். அரைச் சுற்றில் மேல் அடுக்கு நகரும் தூரம் 9.4 செ.மீ. ஆற்றலைத் தூரத்தால் வகுத்தால் தடைவிசை 1 நியூட்டன். பெரிய ரீலுக்கு ஆற்றல் 0.316 ஜூல், தூரம் 14.1 செ.மீ.; தடைவிசை 2.2 நியூட்டன்.

மீன் பாயும்போது தடையையும் நிலைமத்தையும் சேர்த்தே வெல்ல வேண்டும். சிறு ரீலில் மொத்தம் 1 + 1 = 2 நியூட்டன். பெரிய ரீலில் 2.2 + 3.2 = 5.4 நியூட்டன். இரண்டும் 7-க்குக் குறைவுதானே என்கிறீர்களா?

இன்னும் ஒரு படி இருக்கிறது. கயிறு வெளியேற வெளியேற ஆரம் குறைகிறது. உராய்வின் திருப்பு விசை மாறாதிருந்தால், கயிற்றில் தோன்றும் தடை ஆரத்திற்கு எதிர்விகிதத்தில் கூடும். நிலைமத்தால் வரும் இழுவிசையோ ஆரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் கூடும். ஆரம் ஐந்தில் நான்கு பங்காகக் குறைந்ததாகக் கொள்வோம். முதல் பகுதியை 1.25-ஆலும் இரண்டாவதை 1.56-ஆலும் பெருக்க வேண்டும். வெளியேறிய கயிற்றின் சிறு நிறையைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டால், சிறு ரீலில் மொத்தம் 2.8 நியூட்டன், பெரிய ரீலில் 7.7 நியூட்டன். நரம்பு அறுந்துவிட்டது!

உண்மையில் கோல் வளைந்து வில்சுருள்போல் அதிர்ச்சியின் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். நீரில் கிடக்கும் கயிற்றின் தடை எதிர்த்திசையில் கணக்கைக் கூட்டும். நம் எண்கள் நிலவரத்தைக் காட்டும் அடையாளங்களே. எனினும் பாடம் தெளிவு: தடைக்கு ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் உண்டு. கீழ் எல்லையைச் சிக்கல் வகுக்கிறது. மேல் எல்லையை நரம்பு வகுக்கிறது. சிறு ரீலில் இரண்டுக்கும் நடுவே தாராளமான இடம் இருக்கிறது. பெரிய ரீலில் அந்த இடம் மறைந்துவிடுகிறது.

ஓட்டைகளின் இரகசியம்

நல்ல ரீல்களின் பக்கத் தகடுகளில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். இவை அழகுக்காக மட்டும் இட்டவை அல்ல. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் ஆர்விஸ் என்பவர் 1874-இல் காப்புரிமை பெற்ற ரீல், ஒடுங்கிய உருளையும் துளையிட்ட தகடுகளும் கொண்டது. அக்காலத்தில் கயிறு பட்டால் ஆனது. ஈரம் தங்கினால் மக்கிவிடும். துளைகள் காற்றை உள்ளே விட்டுப் பட்டை உலர்த்தின, எடையையும் குறைத்தன.

இன்று பட்டுக் கயிறு அரிது. ஆனால் துளைகள் நிலைத்துவிட்டன. எங்கே துளையிட வேண்டும் என்பதையும் இயற்பியல் சொல்கிறது. அச்சிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் நீக்கிய ஒரு கிராம், 1.5 செ.மீ. தூரத்தில் நீக்கிய நான்கு கிராமுக்குச் சமம். விளிம்பு இலேசாக இருக்கட்டும்! உலோகமும் முக்கியம். பித்தளையின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு எட்டரைக் கிராம் அளவில், அலுமினியத்திற்கு 2.7 கிராம். அலுமினிய உருளை ஏன் வென்றது என்பது விளங்குகிறதல்லவா?

பாடும் தடை

மேலே கண்ட 1 நியூட்டன் தடையைத் தர விலை உயர்ந்த தட்டுத் தடை தேவையில்லை. உருளையோடு சேர்ந்து சுழலும் ஒரு சிறு பற்சக்கரம். அதன் பற்களுக்கிடையே ஒரு வில் அழுத்திக்கொண்டிருக்கும் முக்கோண நாக்கு. உருளை சுழலும்போது ஒவ்வொரு பல்லும் நாக்கைத் தள்ளி வில்லை வளைக்கிறது. நாக்கு ‘டிக்’ என்று அடுத்த பள்ளத்தில் விழுகிறது. வளைந்த வில்லில் சேர்ந்த ஆற்றல் ஒலியாகவும் வெப்பமாகவும் செலவாகிறது. மிதிக்காமல் சைக்கிள் உருளும்போது பின்சக்கரத்தில் கேட்கும் ‘டிக் டிக்’ ஒலி இத்தகைய நாக்கினுடையதே. ஆனால் சைக்கிளில் நாக்கு ஒரு திசையில் பூட்டிக்கொள்ளும்; ரீலில் இருதிசையிலும் வழுக்கிச் செல்லும்.

பற்கள் 24 என்று கொள்வோம். கயிறு வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகும்போது சிறு உருளை வினாடிக்கு 10.6 முறை சுழலும். ஒலியின் அதிர்வெண் 24 × 10.6, அதாவது ஏறத்தாழ 255. ஆர்மோனியத்தின் நடு ‘ச’ சுரத்திற்கு அருகில்! ஆய்வகத்தில் சவார்ட்டின் பற்சக்கரத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதுவே இங்கே மீன்காரனின் கையில் இருக்கிறது. மீன் வேகமாக ஓடினால் சுரம் ஏறும், களைத்தால் இறங்கும். கண்ணால் பார்க்காமலே மீனின் வேகத்தைக் காது சொல்லிவிடும்.

தட்டுத் தடையில் இரு தட்டுகள் உரசுகின்றன. பெரிய கடல்மீனுக்கு அது மிகவும் தேவை. ஆனால் மலிவான தட்டுகளில் நிலை உராய்வு இயக்க உராய்வைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கும். புறப்படும் கணத்தில் வெட்டி இழுக்கும். மெல்லிய நரம்புக்கு அந்த ஒரு கணமே எமன்.

ஓர் உண்மையையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 90 கிராம் மீனைப் பெரும்பாலும் ரீலைத் தொடாமல் கயிற்றைக் கையால் இழுத்தே பிடித்துவிடுகிறார்கள். ரீல் பெரும்பாலான நேரம் கயிற்றைச் சுமக்கும் பெட்டிதான். ஆகவேதான் உயர்தரத் தடைக்குப் பணம் கொடுப்பது வீண் என்கிறோம். என்றாவது ஒரு நாள் 30 செ.மீ. மீன் ஒன்று மரவேருக்கடியில் பாயும்போது, எளிய நல்ல ரீல் தன் கடமையைச் செய்தால் போதும்.

கோலைச் சமன்செய்ய எடை வேண்டாமா?

‘கனமான ரீல் கோலைச் சமன்செய்யும்’ என்று கடைக்காரர் சொல்வார். சோதிப்போம். 2.1 மீட்டர் கோலின் எடை 65 கிராம். அதன் ஈர்ப்பு மையம் கைக்கு முன்னால் 50 செ.மீ. திருப்புத்திறன் 3,250. ரீல் கைக்குப் பின்னால் 10 செ.மீ. தூரத்தில் இருந்தால், சமன்செய்ய 325 கிராம் ரீல் வேண்டும்! கோலைப் போல் ஐந்து மடங்கு. 100 கிராம் ரீலுடன் நம் மணிக்கட்டு தாங்க வேண்டிய மீதம் 2,250 கிராம் செ.மீ.; அதாவது 0.22 நியூட்டன் மீட்டர். நாள் முழுவதும் 390 கிராமைத் தூக்கி வீசுவதைவிட 165 கிராமைத் தூக்கிக்கொண்டு இந்தச் சிறு முன்பாரத்தைத் தாங்குவது எளிது.

எதை வாங்குவது?

மாணவனுக்கு நம் விடை இதுதான். விட்டம் 7 செ.மீ. அளவு, எடை 100 கிராம் அளவு, துளையிட்ட அலுமினிய உருளை, எளிய நாக்குத் தடை, அடியில் தாராளமான அடிநூல். கடையிலேயே மூன்று சோதனைகள் செய்யலாம். உருளையை விரலால் சுண்டினால் தள்ளாடாமல் சுழல வேண்டும். உருளைக்கும் சட்டத்திற்கும் இடையே மெல்லிய நரம்பு நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. கயிற்றின் நுனியில் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டால் உருளை மெல்ல இறங்கத் தொடங்க வேண்டும்; விழவும் கூடாது, ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது.

மீதிப் பணத்தில் ஒரு வெப்பமானி வாங்கச் சொல்லுங்கள். நீர் 20 டிகிரியைத் தொட்டுவிட்டால் அன்று தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். ஆக்சிஜன் குறைந்த நீரில் போராடிக் களைத்த மீனை விடுவித்தாலும் அது பிழைப்பது கடினம். குளிர்ந்த நாளிலும் அதை விரைவாகக் கரைசேர்த்து, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுவதே பண்பு. புவி வெப்பமாகி வரும் நாளில் குளிர்ந்த ஓடைகள் அருகி வருகின்றன. நரம்பு அறாமல் காப்பது மீன்காரனுக்கு மட்டும் அன்று, மீனுக்கும் வாழ்வு.

செய்து பாருங்கள்

தேவை: தீர்ந்துபோன தையல் நூல் உருளை ஒன்று, 10 செ.மீ. விட்டமுள்ள அட்டை வட்டம், நான்கு ஒரு ரூபாய் நாணயங்கள், ஓர் ஊசிக் கம்பி, 20 கிராம் எடை, நூல்.

அட்டையின் நடுவில் உருளையை ஒட்டி, கம்பியை அச்சாகச் செருகுங்கள். உருளையில் ஒன்றரை மீட்டர் நூலைச் சுற்றுங்கள். நான்கு நாணயங்களையும் முதலில் உருளையை ஒட்டினாற்போல் சுற்றிலும் பொருத்துங்கள். எடையை நூலில் கட்டி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு நாணயங்களை அட்டையின் விளிம்பிற்கு மாற்றி மீண்டும் குறியுங்கள். மொத்த நிறை மாறவே இல்லை. நேரம் தெளிவாகக் கூடியிருக்கும்.

எடை தரையைத் தொட்ட பின்னும் உருளை சுழன்று நூலைக் கக்குவதைக் கவனியுங்கள். இப்போது ஒரு காகிதப் பட்டையை அட்டையின் விளிம்பில் மெல்ல உரசவிட்டு, நூல் சிக்காத அளவிற்கு மட்டும் தடை கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு குறைந்த தடை போதும் என்பது உங்கள் விரலுக்கே தெரியும். அப்பலாச்சியன் ஓடைக்கரை மாணவனின் ரீலுக்கு உள்ளே நடப்பதும் அதுதான்.